இயந்திர லாபம் எங்கிருந்து வருகிறது? எளிய இயந்திரப் பாடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"சார், அப்போ துடைப்பம் நஷ்டமா?"

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். ஆனால் அவள் கேலிக்காகக் கேட்கவில்லை. எளிய இயந்திரங்கள் நமக்கு லாபம் தருகின்றன என்று நான்தான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். துடைப்பமும் ஒரு நெம்புகோல் என்று சொன்னதும் நான்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இந்தப் பாடத்தை ஒரே வகுப்புக்கு இரண்டு தடவை நடத்தினேன். முதல் தடவை நடத்தியது வீண். இரண்டாவது தடவை ஓரளவு தேறியது. எது வீணானது, எதை மாற்றினேன், மாற்றிய பிறகும் எது மண்டையில் ஏறவில்லை என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

முதல் சுற்று

வழக்கமான முறைதான். நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என்று ஆறு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், வீட்டிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டு. கொஞ்சம் வரலாறும் சொன்னேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலின் விதியை நிறுவியது, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹீரோ ஐந்து இயந்திரங்களைப் பட்டியலிட்டது, அதில் சாய்தளம் இல்லாமல் இருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தது, எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் அழகாகக் குறித்துக்கொண்டார்கள். தேர்வில் 'பொருத்துக' பகுதியில் பெரும்பாலானவர்கள் முழு மதிப்பெண் எடுத்தார்கள்.

கடைசியில் சும்மா ஒரு கேள்வி வைத்திருந்தேன். "நகவெட்டியை விரலால் லேசாக அழுத்தினால் கெட்டியான நகம் வெட்டுப்படுகிறது. அந்தக் கூடுதல் விசை எங்கிருந்து வருகிறது?" விடைகளைத் திருத்தும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. "இரும்பிலிருந்து" என்று பலர். "நகவெட்டியின் கூர்மையிலிருந்து" என்று சிலர். "இயந்திரம் உற்பத்தி செய்கிறது" என்று ஒருவன் தெளிவாகவே எழுதியிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. இயந்திரம் என்றால் எதையோ உண்டாக்குவது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? மோட்டாரும் மின்சாரமும் இருக்கும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது இயல்பான எண்ணம்.

சொல்லப்போனால், பிள்ளைகளுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை இது. இயந்திரத்தைக் கொண்டு இயற்கையை ஏமாற்றிவிடலாம், சின்ன விசையைக் கொடுத்துப் பெரிய வேலையைப் பறித்துக்கொள்ளலாம் என்று நம்பிய பொறியாளர்கள் கலிலியோவின் காலத்திலும் இருந்தார்கள். 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிய இயந்திரவியல் குறிப்புகள் அந்த நம்பிக்கையைத்தான் முதலில் மறுக்கின்றன. விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன கணக்கு. வரலாறு சொல்கிறேன் பேர்வழி என்று ஆர்க்கிமிடீஸையும் ஹீரோவையும் சொன்ன நான், தேவைப்பட்ட இந்த ஆளை விட்டுவிட்டேன்.

கோளாறு எங்கே

இரண்டு இடத்தில் என்று நினைக்கிறேன்.

ஒன்று, 'இயந்திர லாபம்' என்ற கலைச்சொல். பளுவை நாம் கொடுக்கும் விசையால் வகுத்தால் வருவது அது. எண்ணாகப் பார்த்தால் தவறே இல்லை. ஆனால் லாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் சும்மா கிடைத்தது என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. கொடுக்கல் வாங்கலில் வாங்கலை மட்டும் எழுதிவிட்டுக் கொடுத்ததை எழுதாமல் விட்ட கணக்குப் புத்தகம் மாதிரி. முதல் சுற்றில் நான் விசையை மட்டுமே பேசினேன், தூரத்தைப் பற்றி ஒரு வரி. அதுவும் வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது.

இரண்டாவது, பொருளின் பெயரை வைத்து வகைப்படுத்தச் சொன்னது. திருப்புளி எந்த வகை என்று கேட்டால் என்ன சொல்வது? திருகாணியைத் திருப்பும்போது அது சக்கரமும் அச்சும். பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பும்போது நெம்புகோல். முனையை இடுக்கில் வைத்துப் பின்னால் தட்டினால் ஆப்பு. என்ன செய்யும்போது என்று கேட்காமல் எந்த வகை என்று கேட்பது, சரியான விடையே இல்லாத கேள்வி. பொருத்துக பகுதியில் நான் கேட்டது அதைத்தான்.

தமிழில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நான் அதைப் பயன்படுத்தவே இல்லை. நெம்புகிற கோல் நெம்புகோல். திருகுவது திருகு. பெயரிலேயே வினை இருக்கிறது. "நெம்பு என்றால் என்ன, செய்து காட்டு" என்று கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். நெம்புகோல் அவர்களுக்கு ஒரு பாடப்புத்தகச் சொல், அவ்வளவுதான். ஆப்பு என்றதும் மட்டும் எல்லோருக்கும் உற்சாகம் வந்தது. "ஆப்பு வெச்சுட்டான்" என்ற பேச்சு அவர்கள் வாயில் அன்றாடம் புழங்குகிறது. மரத்தின் பிளவில் செருகி அறைவதுதான் அந்த ஆப்பு என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் சுற்று: கதவு

இந்த முறை பெயர்களை எடுக்கவே இல்லை. வகுப்பறைக் கதவில் ஆரம்பித்தேன். வகுப்பிலேயே வாட்டசாட்டமான பையனைக் கதவுக்கு ஒரு பக்கம் நிறுத்தினேன். மறுபக்கம், வகுப்பிலேயே சின்ன உருவமான மாணவி. இருவரும் எதிரெதிராகத் தள்ள வேண்டும். பையன் கீலிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருக்கும் இடத்தில்தான் கை வைக்கலாம். அவள் கைப்பிடிப் பக்கம், கீலிலிருந்து 80 செ.மீ. தூரத்தில்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். அவள் ஒரு உள்ளங்கையை வைத்தாள். கதவு அவன் பக்கமாகவே நகர்ந்தது. அவன் காலை ஊன்றி, தோளைக் கொடுத்து, முகம் சிவக்கத் தள்ளினான். கதவு நின்றது, திரும்பவும் அவன் பக்கமே போனது. வகுப்பு ரெண்டுபட்டது. தோற்றவன் சும்மா விடுவானா? இடம் மாற்றச் சொன்னான். மாற்றினோம். இப்போது அவன் ஒற்றை விரலால் தள்ளினான். அவளால் அசைக்கக்கூட முடியவில்லை.

முதல் சுற்றாக இருந்திருந்தால் இங்கேயே நிறுத்தி "எட்டு மடங்கு லாபம்" என்று எழுதியிருப்பேன். இந்த முறை சாக்பீஸைக் கொடுத்தேன். கதவை மூடிய நிலையிலிருந்து செங்கோணம் வரை திறந்து, கை வைத்த இரண்டு இடங்களும் போன பாதையைத் தரையில் வரையச் சொன்னேன். அந்த வளைவின் மேல் நூலை ஒட்டிப் பிடித்து அளந்தார்கள். கைப்பிடிப் பக்கம் ஏறத்தாழ 125 செ.மீ., கீல் பக்கம் 16 செ.மீ. கூட வரவில்லை. வகுத்துப் பார்த்தால் அதுவும் எட்டு மடங்கு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தோற்ற பையனே சொன்னான்: "அவ நிறைய தூரம் தள்ளுறா சார், நான் கொஞ்ச தூரம்தான்." நகவெட்டிக் கேள்விக்கு நான் எதிர்பார்த்த விடை இதுதான். அதை ஒரு கதவு வாங்கிக் கொடுத்தது.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீல் பக்கத்து இடுக்கில் விரல் போய்விடும். எங்கள் வகுப்பில் மயிரிழையில் தப்பியது. அதன் பிறகு, யார் தள்ளினாலும் கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளாதபடி கீழே ஒரு மரத்துண்டைச் செருகி வைத்தேன். சரிவாகச் செதுக்கிய துண்டு அது. கதவு அழுத்த அழுத்த இன்னும் இறுகுகிறது என்பதை ஒரு பிள்ளை கவனித்துச் சொன்னது. ஆப்புப் பாடம் அப்படித்தான், திட்டமிடாமல், முன்கூட்டியே வந்து சேர்ந்தது.

பலகையும் வில் தராசும்

அடுத்த வகுப்பில் சாய்தளம். நான்கு சின்னச் சக்கரம் வைத்த ஒரு பலகை வண்டி, அதன் மேல் புத்தகங்கள், மொத்தம் 10 நியூட்டன் எடை. 25 செ.மீ. உயரமுள்ள மேடை. வில் தராசை மாட்டி நேராகத் தூக்கினால் 10 நியூட்டன். 50 செ.மீ. நீளப் பலகையில் மெதுவாக இழுத்தால் சுமார் 6. ஒரு மீட்டர் பலகையில் சுமார் மூன்றரை.

சரி, விசை குறைகிறது. இப்போது பக்கத்திலேயே தூரத்தையும் எழுதிப் பெருக்கச் சொன்னேன். நேராகத் தூக்கியதற்கு 250, சின்னப் பலகைக்கு 300, பெரிய பலகைக்கு 350. மூன்றும் ஒன்றாக வரும் என்று சொல்லிவைத்திருந்தேன். வரவில்லை. அதுவும் எப்படி வரவில்லை? இயந்திரம் பெரிதாகப் பெரிதாக மொத்த வேலை கூடிக்கொண்டே போகிறது!

பிள்ளைகள் தாங்கள் அளந்ததுதான் தப்பு என்று முடிவு கட்டி எண்களைத் திருத்த ஆரம்பித்தார்கள். 6-ஐ அழித்து 5 என்று எழுதினான் ஒருவன். பெருக்கினால் 250 வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தான். நல்ல மதிப்பெண் எடுக்கிற பையன். அந்த ரப்பரைப் பிடுங்கி வைத்ததுதான் இந்தப் பாடத்தில் நான் செய்த உருப்படியான காரியம். உராய்வைப் பற்றி அதன் பிறகு பேசினோம். உராய்வே இல்லாவிட்டால் 5, இரண்டரை என்று வந்து பெருக்கல் மூன்றிலும் 250 நிற்கும். நிஜப் பலகையில் சக்கரத்தின் உராய்வுக்கும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். பாதை நீள நீள அந்தத் தண்டமும் நீள்கிறது.

"பிறகு எதுக்கு சார் பலகை?" என்ற கேள்வி உடனே வந்தது. வர வேண்டிய கேள்விதான். 350 அலகு வேலையை மூன்றரை நியூட்டனாகப் பிரித்துக் கொடுத்தால் சின்னப் பிள்ளையும் செய்யும். 250 அலகு வேலையே ஆனாலும் ஒரே மூச்சில் கேட்டால் சில பேரால் முடியாது. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைகளை எடுத்துக்கொண்டோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி தரை நீளம் என்ற 1:12 விகிதம் பல நாடுகளின் கட்டட விதிகளில் இருக்கிறது. அந்தப் பாதை சுற்றி வளைத்துப் போகிறதே என்று அதுவரை எரிச்சல்பட்டவர்கள், அந்தச் சுற்றுதான் விசைக்குக் கொடுத்த ஈடு என்று இப்போது எண்ணில் பார்த்தார்கள்.

திருகுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி பென்சிலில் சுற்றினால் திருகின் புரி தெரியும், சாய்தளத்தைச் சுருட்டி வைத்ததுதான் அது. எம்8 அளவு (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறும். 20 செ.மீ. நீள ஸ்பேனரைப் பிடித்த கை அதே நேரத்தில் ஏறத்தாழ 125 செ.மீ. சுற்றிவிடுகிறது. ஆயிரம் மடங்கு! அதில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். அப்படித் தின்பதால்தான் போல்ட் தானாகக் கழன்று வராமல் நிற்கிறது என்றதும், உராய்வின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

சக்கரமும் அச்சும் இன்னும் சுருக்கம். தண்ணீர்க் குழாயின் கைப்பிடி உடைந்து வெறும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும்போது விரலால் திருகிப் பார்த்தவர்கள் கை தூக்கினார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

துடைப்பம்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். முதல் சுற்றில் கேட்டவளுக்கு இரண்டாம் சுற்றில்தான் பதில் சொன்னேன். அதுவும் நான் சொல்லவில்லை.

நீளக் காம்பு வைத்த துடைப்பத்தை அவள் கையிலேயே கொடுத்தேன். மேல் கை அசையாமல் நிற்கிறது, அது ஆதாரப்புள்ளி. கீழ்க் கை நடுவில் தள்ளுகிறது. வேலை நடப்பது நுனியில். கீழ்க் கை நகர்ந்த தூரத்தையும் நுனி போன தூரத்தையும் சாக்பீஸால் குறித்துப் பார்த்தாள். நுனி மூன்று மடங்குக்கும் மேலே போயிருந்தது. "விசை நஷ்டம், தூரம் லாபம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூசிக்கு விசை எதுக்கு?" என்று அவளே முடித்தாள்.

இப்படி ஆதாரத்துக்கும் பளுவுக்கும் நடுவில் நாம் விசை கொடுப்பது மூன்றாம் வகை நெம்புகோல். அதைப் பாடங்கள் வழக்கமாக ஓரத்தில் ஒதுக்கிவிடும். என்னைக் கேட்டால் அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். கொடுத்து வாங்குவது இரண்டு திசையிலும் நடக்கும் என்பது அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. நம் முன்கையும் அதே வகைதான். முழங்கை ஆதாரம், மேற்கைத் தசை முழங்கையிலிருந்து நாலைந்து செ.மீ. தூரத்தில் பிடித்து இழுக்கிறது, உள்ளங்கையில் இருக்கும் புத்தகமோ முப்பது செ.மீ.க்கு அப்பால். ஒரு கிலோ புத்தகத்தை ஏந்தி நிற்க, தசை அந்த எடையைப் போல ஏழெட்டு மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாகத் தசை ஒரு செ.மீ. சுருங்கினாலே கை வெகுதூரம் வீசுகிறது. பந்து எறிய முடிவது அதனால்தான்.

இந்தப் பார்வை வந்த பிறகு நகவெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கொடுத்தேன். மேலே இருக்கும் கைப்பிடி இரண்டாம் வகை, அதாவது பளு நடுவில் இருப்பது. அது விரலின் விசையைப் பெருக்குகிறது. கீழே நகத்தைக் கவ்வும் தகடுகள் மூன்றாம் வகை, பெருக்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயைத் தேவையான அளவு அசைய வைக்கின்றன. விளிம்பு இரண்டும் ஆப்பு. கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சாமானில் கூட்டலும் கழித்தலும் அடுத்தடுத்து நடக்கின்றன. முதல் தேர்வில் "உற்பத்தி" என்று எழுதியவன் இதைப் பிரித்து மாட்ட ஒரு வகுப்பு நேரம் முழுக்க எடுத்துக்கொண்டான். நான் அவசரப்படுத்தவில்லை.

வராமல் போனது: கப்பி

கப்பியில் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். கொடிக்கம்ப உச்சியில் இருப்பது போன்ற ஒற்றை நிலைக்கப்பி விசையைக் குறைக்காது, திசையை மட்டும் மாற்றும். வில் தராசு 10 நியூட்டன் பளுவுக்குப் பத்தைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "ஆனா ஈஸியாத்தான் சார் இருக்கு" என்றார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. கீழ்நோக்கி இழுக்கும்போது உடம்பின் எடையே துணைக்கு வருகிறது. தோளையும் முதுகையும் வளைத்துத் தூக்கும் பாடு இல்லை. உடம்புக்குச் சுலபம் என்பதும் விசை குறைவு என்பதும் வேறுவேறு என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அது எடுபடவில்லை. நான் செய்திருக்க வேண்டியது, அந்த உணர்வு சரிதான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்வது. அதன் பிறகு எது சுலபமாகிறது என்று அவர்களையே தேட விட்டிருக்கலாம்.

பளுவோடு சேர்ந்து ஏறி இறங்கும் நகரும் கப்பியைச் சேர்த்ததும் வேறொரு சிக்கல். பளுவைத் தாங்கும் கயிற்றின் இழைகளை எண்ண வேண்டும். பிள்ளைகள் சக்கரங்களை எண்ணினார்கள். ஒரு நிலைக்கப்பி, ஒரு நகரும் கப்பி என்ற அமைப்பில் இரண்டு எண்ணிக்கையும் இரண்டாகவே வந்து தொலைந்ததால் தப்பான முறைக்குச் சரியான விடை கிடைத்துவிட்டது. அடுத்த முறை நகரும் கப்பியைத் தனியாகக் காட்டித்தான் தொடங்கப் போகிறேன். சக்கரம் ஒன்று, தாங்கும் இழை இரண்டு. அங்கே சக்கரத்தை எண்ணுகிறவர்கள் உடனே மாட்டிக்கொள்வார்கள்.

மறுதேர்வும் சைக்கிளும்

மூன்று வாரம் கழித்து வைத்த தேர்வில் 'பொருத்துக' இல்லை. வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, உன் கை எவ்வளவு நகர்ந்தது, வேலை நடந்த இடம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, எதைக் கொடுத்து எதை வாங்கினாய் என்று எழுத வேண்டும். வந்த பொருட்கள்: போத்தல் திறப்பான், கத்தரிக்கோல், இடுக்கி, ஜாடி மூடி. ஒரு பிள்ளை பையின் ஜிப்பைக் கொண்டுவந்தது. நகர்த்தும் துண்டின் உள்ளே இருக்கும் சின்ன ஆப்புதான் பற்களைப் பிரிக்கிறது என்று படம் வரைந்திருந்தது. கத்தரிக்கோல் கொண்டுவந்தவள், தடித்த அட்டையை நுனியில் வெட்ட முடியாமல் ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெட்டியதை அளவோடு எழுதியிருந்தாள். 'இயந்திரம் விசையை உண்டாக்குகிறது' என்ற வரி ஒரு தாளிலும் இல்லை. கப்பியை எடுத்தவர்களும் யாரும் இல்லை.

கதவில் தோற்ற பையன் சைக்கிளை வகுப்பறைக்குப் பக்கத்து நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். மிதி, சக்கரம், பிரேக் என்று மூன்று எளிய இயந்திரங்களைத் தனித்தனியே எழுதுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மொத்தச் சைக்கிளையும் ஒரே இயந்திரமாக எடுத்துக்கொண்டான். மிதித்தண்டு 17 செ.மீ. ஒரு சுற்றுக்குக் கால் போகும் பாதை ஒரு மீட்டருக்குச் சற்று மேல். முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. மிதி ஒரு முறை சுற்றி வரும் வரை வண்டியை நகர்த்தி, தொடக்கத்திலும் முடிவிலும் தரையில் சாக்பீஸ் கோடு போட்டான். இரண்டு கோட்டுக்கும் நடுவே 5 மீட்டருக்கும் மேல் இருந்தது.

"ஏறக்குறைய அஞ்சு மடங்கு விசை நஷ்டம் சார்" என்றான். பிறகு துடைப்பக்காரியைத் திரும்பிப் பார்த்து, "இதுவும் உன் கட்சிதான்" என்றான்.